வெள்ளி விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்துப் புதிய நினைவு நாணயம் வாங்கலாமா?

ஒரு நாணயச்சாலை ஒரு அவுன்ஸ் வெள்ளியில் புரூஃப் (கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்போடு சேகரிப்பாளர்களுக்காக அடிக்கும் வகை) நினைவு நாணயம் அறிவித்திருக்கிறது, மொத்தம் 5,000 மட்டுமே, விலை அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைப்போல மூன்று மடங்கு, படத்தில் பார்க்க அருமையாக இருக்கிறது, வாங்கி வைத்தால் விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இது இரண்டு கேள்வி. வடிவமைப்பு நல்லதா என்பது ஒன்று. நாளை இதை உங்களிடமிருந்து யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பது இன்னொன்று. விளம்பரம் இரண்டையும் சேர்த்தே பேசும்: அழகானது, அதனால் அரிது, அதனால் விலை ஏறும் என்று. இந்த மூன்றும் தாமாக ஒன்றோடொன்று இணைவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாணயம் பிடித்திருந்து, போட்ட பணத்தில் பாதிக்கு மேல் திரும்பாவிட்டாலும் வருத்தமில்லை என்றால் வாங்குங்கள். விலை ஏறும் என்பது மட்டுமே காரணம் என்றால் விட்டுவிடுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கலாம். கிராம் எடையைத் தூய்மையால் பெருக்கி (925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு, அதாவது 0.925), ஒரு டிராய் அவுன்ஸின் கிராம் எடையான 31.1035ஆல் வகுத்தால் எத்தனை டிராய் அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது என்று கிடைக்கும். இதைச் செய்யாமல் எந்த நாணயத்தையும் இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. ஒரே அளவில் தெரியும் நாணயங்களுக்குள் வெள்ளி பெரிதும் வேறுபடும். பிரிட்டனின் வழக்கமான கிரவுன் அளவு நாணயம் 28.28 கிராம், தூய்மை 925; அதாவது 26.16 கிராம் வெள்ளி. அமெரிக்க நினைவு டாலர் 26.73 கிராம், 2018 வரை 90 சதவீத வெள்ளி, 2019 முதல் 999. சீனாவின் பாண்டா வெள்ளி நாணயம் 2016 முதல் அவுன்ஸிலிருந்து 30 கிராமுக்கு மாறியது. இந்தியாவின் 44 மில்லிமீட்டர் நினைவு நாணயங்கள் பலவும் 35 கிராம் இருந்தாலும், அவற்றில் பாதிதான் வெள்ளி. மீதி தாமிரம், நிக்கல், துத்தநாகம். கையில் கனமாக இருக்கும், உள்ளே 17.5 கிராம் வெள்ளிதான். விளம்பரத்தில் எடை பெரிய எழுத்திலும் தூய்மை சிறிய எழுத்திலும் இருந்தால் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கு மேல் நீங்கள் கொடுக்கும் தொகையில் பல கூறுகள் உண்டு. புரூஃப் தயாரிப்புக்கு உண்மையிலேயே செலவு அதிகம்: உருவம் அடிப்பதற்கு முந்தைய வெற்று வில்லைகளைத் தனியே மெருகேற்ற வேண்டும், அச்சுகளைக் கண்ணாடிபோல் தீட்ட வேண்டும், ஒவ்வொரு நாணயத்தையும் ஒருமுறைக்கு மேல் அடிக்க வேண்டும், கையால் எடுத்து வைக்க வேண்டும். பிறகு பெட்டி, சான்றிதழ், விளம்பரம், விநியோகஸ்தர் பங்கு. புகழ்பெற்ற கதாபாத்திரமோ நிறுவனச் சின்னமோ இருந்தால் உரிமத் தொகை. சில நாடுகளில் நன்கொடையும் விலைக்குள்ளேயே இருக்கும். அமெரிக்க நினைவு வெள்ளி டாலர் ஒவ்வொன்றிலும் வழக்கமாக 10 டாலர் சட்டப்படி ஏதோ ஒரு அமைப்புக்குப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் உங்களிடமிருந்து வாங்குபவர் அந்த நன்கொடைக்குப் பணம் தரமாட்டார். முதலீட்டு நாணயத்துக்கும் சேகரிப்பு நாணயத்துக்கும் வரி வேறாக இருக்கும் நாடுகளும் உண்டு. செலுத்திய வரியும் மறுவிற்பனையில் திரும்பாது.

இப்போது உங்கள் மூன்று மடங்கைப் பார்ப்போம். வெள்ளி மதிப்பு 100 என்றால் நாணயம் 300. யாரும் தேடி வராத நாணயத்துக்கு வியாபாரி வெள்ளி மதிப்போடு பத்து சதவீதம் சேர்த்து 110 தருவதாக வைத்துக்கொள்வோம். பல இடங்களில் அதைவிடக் குறைவாகவே தருவார்கள். வாங்கிய மறுநாளே 63 சதவீதம் போய்விட்டது. அதே கணக்கில் போட்ட முதல் மட்டும் திரும்ப வரவேண்டும் என்றால் வெள்ளி விலை ஏறத்தாழ 2.7 மடங்கு ஆக வேண்டும். வெள்ளி அப்படி ஏறாது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளி ஏறும் என்று நம்புகிறவர், வெள்ளிக்கு மேல் மிகச் சிறிய தொகை மட்டும் சேர்த்து விற்கப்படும் சாதாரண முதலீட்டு நாணயத்தை வாங்கினால் அதே பணத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் வெள்ளி கிடைக்கும். 1980 தொடக்கத்திலும் 2011 ஏப்ரலிலும் உச்சம் தொட்ட வெள்ளி, அடுத்து வந்த ஆண்டுகளில் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 5,000 என்ற எண்ணுக்கு வருவோம். பலரும் முதலில் பார்ப்பது இதைத்தான். என் பார்வையில் மிகக் குறைவாகச் செய்தி சொல்லும் எண்ணும் இதுதான். அது உச்சவரம்பு, எத்தனை விற்றது என்பது பின்னால்தான் தெரியும். அதோடு எண்ணிக்கை தேவையோடு சேர்ந்தால்தான் அரிதாகும்: 5,000 நாணயம் இருந்து, அதைத் தேடுபவர் 800 பேர் என்றால் அது மலிந்த சரக்கு. 1973 முதல் 1976 வரை மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்காகக் கனடா 28 வகை வெள்ளி நாணயங்கள் வெளியிட்டது. அமெரிக்கா 1982இல் வாஷிங்டன் அரை டாலரோடு நினைவு நாணயங்களை மீண்டும் தொடங்கியபோது புரூஃப் மட்டும் 48 லட்சத்துக்கு மேல் விற்றது. 1986 சுதந்திர தேவி சிலை டாலரின் புரூஃப் 64 லட்சத்தைத் தாண்டியது. இவையெல்லாம் இன்றும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வெள்ளியின் விலையை ஒட்டியே கைமாறுகின்றன. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். குறைந்த எண்ணிக்கை என்ன செய்யும் என்பதுதான் சிக்கலான பகுதி.

இதற்கு 1930களின் அமெரிக்கா நல்ல பாடம். 1935இல் டேனியல் பூன் அரை டாலரில் சிறிய எழுத்தில் 1934 என்று கூடுதலாகப் பொறித்துத் தனி வகையாக்கி, டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தலா ஏறத்தாழ 2,000 மட்டும் அடித்தார்கள். 1936இல் சின்சினாட்டி நகரம் இசை மையமாகி ஐம்பது ஆண்டு என்று சொல்லி அமெரிக்காவின் மூன்று நாணயச்சாலைகளிலும் தலா 5,000 சொச்சம் அடிக்கப்பட்டது. கொண்டாடியதாகச் சொன்ன ஐம்பதாம் ஆண்டுக்கு வரலாற்றில் ஆதாரமே இல்லை. சரக்கு முழுவதும் ஒருவர் கையில் இருந்தது. விலை பறந்தது, அதே வேகத்தில் சரிந்தது, 1939இல் பழைய அனுமதிகளின் கீழ் தொடர்ந்து அடிப்பதையே நாடாளுமன்றம் நிறுத்தியது. அந்த நாணயங்கள் இன்று விலை உயர்ந்தவை என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பல பதிற்றாண்டுகள் ஆயின. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் அந்த லாபத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு வெளியான நாணயங்களின் வரிசை மிக நீளம். சேகரிப்பாளர்கள் சலித்து வாங்காமல் விட்டார்கள். விளைவாக டென்வரில் அடித்த 1996 பாராலிம்பிக் டாலரின் சாதாரண (புரூஃப் அல்லாத) வகை 14,497 மட்டுமே விற்றது. யாரும் வரம்பு போட்டு அரிதாக்கவில்லை, புறக்கணிப்பே அரிதாக்கியது. அந்த ஆண்டின் டென்வர் டாலர்கள் பின்னாளில், லட்சக்கணக்கில் விற்றவற்றைவிட நன்றாகவே விலை போயின. இதற்கு ஒரு காரணம் உண்டு: அமெரிக்க நினைவு டாலர்களை வரிசையாக முழுமைப்படுத்தும் கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது, அவர்கள் அனைவருக்கும் அந்த நாணயம் தேவைப்பட்டது. 1995இல் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையில் அடித்த, ஆண்டுதோறும் வரும் அமெரிக்க ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயமான சில்வர் ஈகிளின் புரூஃபும் அப்படித்தான். அதை நான்கு தங்க நாணயங்களோடு சேர்த்துத்தான் வாங்க முடிந்தது, பலர் வாங்கவில்லை, மொத்தம் 30,125. ஈகிள் வரிசையைச் சேர்க்கும் எல்லோருக்கும் சேகரிப்பில் அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே 5,000 என்ற எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இது எந்த வரிசையில் விழுகிறது, அந்த வரிசையைச் சேர்ப்பவர்கள் 5,000க்கு மேல் இருக்கிறார்களா என்பதுதான். எந்த வரிசையிலும் சேராத தனி வெளியீடு என்றால் பெரும்பாலும் இல்லை.

இன்னொரு தந்திரமும் கவனிக்கத்தக்கது. ஒரு அவுன்ஸ் புரூஃப் 5,000 என்பார்கள். அதே உருவம் இரண்டு அவுன்ஸில், ஐந்து அவுன்ஸில், வண்ணத்தில், தங்க முலாமில், பழமைத் தோற்றத்தில், அடுத்த ஆண்டு ஒரு சின்னஞ்சிறு முத்திரையோடு என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி வரம்பு. அந்த உருவத்தைக் கையில் வைத்திருக்க விரும்புகிறவருக்கு எல்லாமே ஒன்றுக்கு ஒன்று மாற்று. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரிய மக்கள்தொகையே இல்லாத தீவு நாடுகளின் பெயரில் வேறு நாடுகளில் அடிக்கப்பட்டு வரும் வெளியீடுகளில் இது மிகுதி. அவை போலி அல்ல, சட்டப்படி நாணயங்களே. சில தொழில்நுட்பத்தில் வியக்கவைப்பவை. ஆனால் அந்த நாட்டு நாணயம் என்று தேடும் உள்நாட்டுச் சேகரிப்பாளர் கூட்டம் அவற்றுக்குக் கிட்டத்தட்ட இல்லை.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் பேசலாம். முதல் எச்சரிக்கை: முன்பதிவுக் காலத்தில் நீங்கள் பார்க்கும் படம் பெரும்பாலும் கணினியில் உருவாக்கியது. அதில் கறுப்பு முழுக் கறுப்பாகவும் வெள்ளை முழு வெள்ளையாகவும் இருக்கும். உண்மையான புரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பு எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். கறுப்பாகத் தெரிய ஒரு குறிப்பிட்ட கோணம் வேண்டும். அதனால் கையில் திருப்பிக் காட்டும் காணொளி வரும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதுவரை செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நாணயத்தின் உண்மையான விட்டத்தில், ஒரு அவுன்ஸ் என்றால் பெரும்பாலும் 38 முதல் 41 மில்லிமீட்டர், படத்தைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டு, கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். என்ன உருவம் என்று உடனே புரிகிறதா? எழுத்துகள் உருவத்தோடு மோதுகின்றனவா? திரையில் 20 சென்டிமீட்டரில் அழகாகத் தெரிந்த கோபுரமும் கூட்டமும் கொடியும் தேதியும் இந்த அளவில் வெறும் சொரசொரப்பாகிவிடும். நினைவு நாணயங்களில் மிகவும் பரவலான குறை இதுதான்: குழு ஒன்று கூடி, எதையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் திணித்த வடிவம்.

அடுத்தது புடைப்பு, அதாவது உருவம் பரப்பிலிருந்து எழுந்து நிற்கும் உயரம். நாணயம் அடிக்கும்போது உலோகம் இரண்டு அச்சுகளுக்கு நடுவே நசுங்கி, அச்சிலுள்ள பள்ளங்களை நோக்கி ஓடுகிறது. முன்பக்கத்தின் நடுவில் உயரமான முகமும் அதற்கு நேர்ப் பின்னால் உயரமான உருவமும் இருந்தால் இரண்டும் ஒரே இடத்து உலோகத்துக்குப் போட்டியிடும். கன்னமோ முடியோ முழுதாக எழாமல் மழுங்கி நிற்கும். இதைத் தவிர்க்க வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுவதும் உண்டு. இன்று பல நாணயங்களில் உருவத்தின் ஆழம் உண்மையில் புடைப்பிலிருந்து வருவதில்லை. லேசரால் பல அடர்த்தியில் மங்கலாக்கிய பரப்பிலிருந்து வருகிறது. விளக்கொளியில் பிரமாதம், மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் படலம். சாய்த்துப் பார்த்து நிழல் விழுகிறதா என்று கவனித்தால் இரண்டும் பிரிந்து தெரிந்துவிடும். உயர்புடைப்பு என்று விற்கப்படுபவை பலமுறை அடிக்கப்படுவதால் இந்த இடத்தில் உண்மையிலேயே மேலானவை. வெற்றுப் பரப்பையும் பாருங்கள். நல்ல வடிவமைப்பாளர் காலி இடத்தைத் துணிந்து விடுவார். ஆனால் பரந்த கண்ணாடிப் பரப்பில் ஒரு சிறு கீறல்கூடத் தப்பாது என்பதால், அத்தகைய நாணயத்தைப் பாதுகாப்பது கடினம்.

முகச் சாயல்தான் கடைசிச் சோதனை. புகைப்படத்தை அப்படியே மென்பொருளில் புடைப்பாக மாற்றிய முகம், பொம்மை முகம்போல் கண்கள் உயிரற்று, பற்கள் தனித்தனியே தெரிந்து நிற்கும். பக்கவாட்டு முகம் நாணயத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பதற்கு மரபு மட்டும் காரணமில்லை. தாழ்ந்த புடைப்பில் அதுதான் சாயலைக் காப்பாற்றுகிறது. நேர்முகத்தில் மூக்கே உயர்ந்த புள்ளியாகி முதலில் தேய்கிறது.

வண்ண அச்சும் முலாமும் என் ரசனைக்கு ஒத்துவருவதில்லை. அதைத் தனியே வைத்துவிடலாம். நடைமுறைக் கவலை வேறு: வண்ணம் உலோகத்தின் மேல் ஒட்டிய பூச்சு. விளிம்பில் பெயரலாம், வெயிலில் மங்கலாம், அதைச் சரிசெய்ய வழியில்லை. அதன் கீழே புடைப்பு இல்லாமல் வெறும் தட்டையாக இருந்தால் நீங்கள் வாங்குவது வெள்ளி வில்லையில் ஒட்டிய படம்.

நல்ல வடிவமைப்பு விலையைத் தூக்குமா? சில வேளை தூக்கும். 1839இல் வில்லியம் வயன் உருவாக்கிய ‘உனாவும் சிங்கமும்’ என்ற, விக்டோரியா அரசி சிங்கத்தை நடத்திச் செல்லும் உருவம் கொண்ட பிரிட்டிஷ் தங்க நாணயம் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. அந்த உருவத்தை 2019இல் பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட் இரண்டு அவுன்ஸ் வெள்ளி புரூஃபாக 3,000 வெளியிட்டபோது விலை வெளியீட்டு விலையைவிடப் பல மடங்கு ஏறியது. அங்கே உருவத்தின் மீதான ஆசை 180 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தது. சீனப் பாண்டாவில் வடிவம் ஆண்டுதோறும் மாறுவதே ஈர்ப்பு. 2001இன் உருவத்தை 2002இலும் அப்படியே விட்டதும் சேகரிப்பாளர்கள் அதிருப்தி காட்டினார்கள், பழைய வழக்கம் திரும்பியது. மாறாக, பெர்சி மெட்காஃப் வடித்த 1935 பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா கிரவுனின் நவீனக் குதிரைவீரனை அன்று பலர் கேலி செய்தார்கள். இன்று அது அக்காலக் கலைப்பாணிக்கு எடுத்துக்காட்டு. ஆனால் ஏழு லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டதால் சாதாரண வகை இன்னும் எளிதில் கிடைக்கிறது. வடிவமைப்புக்கும் விலைக்கும் உள்ள உறவில் இதற்கு மேல் விதி எதையும் நான் வகுக்கத் துணியமாட்டேன்.

அப்படியானால் முடிவெடுக்க என்ன செய்யலாம்? அதே நாணயச்சாலையின் அதே வரிசையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த நாலைந்து வெளியீடுகளை எடுங்கள். ஏலத் தளங்களில் விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். கேட்கும் விலைக்குப் பொருளில்லை. வெளியீட்டு விலையோடும், அன்றைய, இன்றைய வெள்ளி விலையோடும் ஒப்பிடுங்கள். வெள்ளி ஏறியதால் ஏறியதையும் நாணயத்தால் ஏறியதையும் பிரிக்காவிட்டால் ஏமாந்துபோவீர்கள். பிறகு ஒரு வியாபாரியிடம், கடந்த ஆண்டு நாணயத்தை இன்று கொண்டுவந்தால் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகை எந்த விளம்பரத்தையும்விட நேர்மையானது. பெரும்பாலான வெளியீடுகளுக்கு முதல் சில வாரங்களில் பரபரப்பு, அனைவருக்கும் பார்சல் சேர்ந்ததும் விற்பனைக்கு வரும் குவியல், பிறகு ஓரிரு ஆண்டுகளில் தாழ்ந்த விலை என்றுதான் போகும். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் வரிசை அல்லாதவற்றுக்குக் காத்திருப்பதே லாபம்.

தனியார் நிறுவனம் தரத்துக்கு மதிப்பெண் போட்டு மூடிய தரமதிப்பீட்டு உறையில் வரும் நாணயத்துக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். உச்ச மதிப்பெண்ணான 70 என்பது ஐந்து மடங்கு பெருக்கத்தில் குறை தெரியவில்லை என்று பொருள். நவீன புரூஃப்களில் பெரும்பாலானவை 69 அல்லது 70 வாங்கிவிடும் என்பதால், பழைய நாணயத்தில் அந்த எண்ணுக்கு இருக்கும் கனம் இங்கே இல்லை. முதலில் அடித்தது என்ற பொருளில் ஒட்டப்படும் லேபிள்களை நம்பி ஒரு பைசாகூடக் கூடுதலாகத் தராதீர்கள். பெரிய மதிப்பீட்டு நிறுவனங்களில் அது வெளியான முதல் 30 நாளில் அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே குறிக்கிறது; எந்த நாணயம் முதலில் அடிக்கப்பட்டது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

முகமதிப்பு பெரும்பாலும் அலங்காரம். சில விதிவிலக்குகள் உண்டு: ஜெர்மனியில் 10 யூரோ வெள்ளி நாணயம் அந்த முகமதிப்புக்கு உண்மையாகவே செல்லும். அதனால்தான் வெள்ளி விலை ஏறியபோது, 2011இல் 18 கிராம் 925 என்றிருந்ததை 16 கிராம் 625 ஆக்கி, உள்ளே இருந்த வெள்ளியை 16.65 கிராமிலிருந்து 10 கிராமாகக் குறைத்தார்கள். 2016இல் முகமதிப்பை 20 யூரோவாக்கியதும் 925 திரும்பியது. அத்தகைய நாணயத்தில் கீழே ஒரு தரை இருக்கிறது. உங்கள் நாணயத்தின் முகமதிப்பு அதன் வெள்ளி விலையில் சிறு பங்கு என்றால் அந்தத் தரை உங்களுக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கினால், பார்சல் வந்த அன்றே திருப்பியனுப்பும் கெடுவுக்குள் பாருங்கள். நாணயம் இருக்கும் மூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கேப்ஸ்யூலைத் திறக்காமல் ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்து, கண்ணாடிப் பரப்பில் மயிரிழைக் கீறல், விரல்ரேகை, மங்கல் பரப்பில் உதிர்ந்த புள்ளி, விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பால் சிந்தியதுபோல் வெண்புள்ளி இருந்தால் அன்றே திருப்பியனுப்புங்கள். தயாரிப்பின்போது வில்லையில் தங்கும் கழுவுநீர் எச்சம் இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. சில புள்ளிகள் மாதங்கள் கழித்தும் தோன்றும், வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினாலும் போகாது. இதைக் குறைக்கவே கனடா 2018இல் தன் முதலீட்டு வெள்ளி நாணயமான மேப்பிள் லீஃபுக்குத் தனிப் பரப்புச் செயல்முறை கொண்டுவந்தது.

பின்னாளில் பழுப்பும் நீலமுமாக வரும் நிறமாற்றம் வேறு. அது காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி சல்பைடு ஆவது. ரப்பர் பேண்ட், மலிவான அட்டை, சில பெட்டிகளில் வரும் நுரைமெத்தை ஆகியவை அதை வேகப்படுத்தும். பிவிசி கலந்த மென்மையான உறை பச்சைப் பிசுக்கை விடும்; அதைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து நீக்கலாம், ஆனால் வண்ணம் பூசிய நாணயத்தை அதில் போட்டால் வண்ணமும் போய்விடும். துணியால் துடைக்கவே கூடாது, ஒரே தேய்ப்பில் புரூஃப் பரப்பு நிரந்தரமாகக் கீறப்படும். கேப்ஸ்யூலோடு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மரப்பெட்டியையும் சான்றிதழையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல் விற்கப்போனால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.